பங்காளிப் பாறை

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு டிகிரி. மூக்குமயிர் உறைந்து ஊசியாய்க் குத்துகிற குளிர். அந்தக் குளிரில் ஸ்தூரே தன் வீட்டு ஜன்னல்களையெல்லாம் விரியத் திறந்து வைத்துவிட்டு, கூடத்தில் பனியனோடு உட்கார்ந்து பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நெற்றியில் வியர்வை வழிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வழிந்தது.

"கதவைச் சாத்து சோல்வெய், குளிர் உள்ள வருது," என்றான் என்னைப் பார்த்து.

"உனக்கு நிஜமாவே கிறுக்குப் புடிச்சிருக்கு ஸ்தூரே."

"என் வீடு, என் பாறை, என் சூடு. நான் அதை வெளில கொட்டுவேன், இல்ல தலைல ஊத்திக்குவேன். எந்தச் சட்டத்துல தப்புன்னு காட்டு, நாளைக்கே மூடிடறேன்."

சட்டத்தில் தப்பில்லை. அதுதான் என் எரிச்சல். கொலைக்குச் சட்டம் இருக்கிறது, மீன் பிடிக்கச் சட்டம் இருக்கிறது, நாயைக் குரைக்க விட்டால்கூடக் கேள்வி உண்டு. ஜனவரி மாதத்தில் சொந்த வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்துத் தம்பி பெண்டாட்டியைக் குளிரில் நடுங்க வைக்கிறவனைக் கேட்க ஆளில்லை.

நான் நகராட்சியில் வீட்டுப் பராமரிப்பு வேலை பார்க்கிறவள். ஒரு சின்னக் கார் கொடுத்திருக்கிறார்கள். ஏரியைச் சுற்றியிருக்கிற கிழடுகளின் வீடுகளுக்குப் போய், ஒருவருக்குக் கண்மருந்து, ஒருவருக்குக் குளியல், ஒருவருக்குப் பேச்சுத்துணை என்று பகல் முழுதும் அலைவேன். ஸ்தூரேவுக்குக் காலில் இரத்தம் தேங்கும் வியாதி. காலையில் முழங்கால் வரை இறுக்கமான காலுறையை மாட்டிவிடுவது என் வேலை. அது முடிந்ததும் முற்றத்தைக் கடந்து அவன் தம்பி ஏவெர்ட்டின் வீட்டுக்குப் போவேன். ஏவெர்ட்டுக்கு ஒன்றும் இல்லை. அவன் மனைவி மாய்லிஸுக்குத்தான் புற்றுநோய். மருந்தெல்லாம் முடிந்து, இனி வலிக்கு மட்டும் ஊசி என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த இரண்டு ஆண்களுக்கும் மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. வயதுக்காக மரியாதை என்றால் எங்கள் ஏரிக்கரைப் பாறாங்கல்லுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

அப்பா விட்டுப்போன நிலத்தை இரண்டாக வெட்டிக்கொண்டவர்கள். அண்ணனுக்குச் சாலையோரத்து வீடு, தம்பிக்கு ஏரியோரத்து வீடு. நடுவில் ஒரு முற்றம். பனிப்பந்து எறிந்தால் எதிர்வீட்டுச் சுவரில் போய் விழும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதான். ஆனாலும் இவர்கள் ரொம்ப காலம் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். இலையுதிர் காலத்தில் சேர்ந்து கடமான் வேட்டைக்குப் போவார்கள், இறைச்சியை ஒரே மேஜையில் வைத்து வெட்டுவார்கள். துளை போட்ட பிறகுதான் எல்லாம் கெட்டது.

எங்கள் பக்கத்தில் இப்போது யாரும் எண்ணெய் எரிப்பதில்லை. முற்றத்துப் பாறையில் ஏரியைவிட ஆழமாக ஒரு துளையைக் குடைந்து, அதற்குள் குழாயை வளைத்து இறக்கிவிடுவார்கள். உறையாமலிருக்கச் சாராயம் கலந்த தண்ணீர் அதில் போய்ப் போய் வரும். பாறையின் அடியில் கிடக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டை அது வாரிக்கொண்டு வர, நிலவறையில் நிற்கும் இயந்திரம் அந்தச் சூட்டைப் பிழிந்து வீடு முழுக்க அனுப்பும். ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி. கோடையில் அதே குழாய் வீட்டுப் புழுக்கத்தைக் கொண்டுபோய்ப் பாறையில் இறக்கிவிட்டு வீட்டைக் குளிர வைக்கும். நல்ல சாமான்தான். ஒன்றே ஒன்று: ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையில் இருபது மீட்டராவது இருக்க வேண்டும். நெருங்கினால் இதன் சூட்டை அது குடிக்கும்.

ஸ்தூரே முதலில் போட்டான். சில வருஷம் கழித்து நகராட்சி சார்பில் புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர் ஏவெர்ட்டின் புகைபோக்கியில் விரிசலைப் பார்த்துவிட்டு, இனி இந்த வீட்டில் விறகு எரிக்கக் கூடாது என்று தடை போட்டார். ஏவெர்ட்டுக்கும் துளை வேண்டியதாயிற்று. அவன் பக்கம் ஏரிச்சரிவு, களிமண். துளை போடுகிற வண்டி அங்கே இறங்காது. முற்றத்தின் ஓரத்தில், அண்ணன் துளைக்குப் பக்கத்தில்தான் இடம். அண்ணன் சம்மதிக்க வேண்டும். மாய்லிஸ் ஏலக்காய் பன் சுட்டுத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். ஸ்தூரே பன்னைத் தின்றுகொண்டே தலையை ஆட்டினான். ஒரே பாறைதானே, தம்பிதானே, என்ன வந்துவிடப் போகிறது என்று இரண்டு பேரும் நினைத்திருப்பார்கள்.

முதல் குளிர்காலம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் ஸ்தூரேவின் குழாயில் வருகிற தண்ணீர் முன்பைவிடக் குளிர்ந்து வர ஆரம்பித்தது. மற்ற கிழவர்கள் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பார்கள்; இவன் நிலவறைக்கு இறங்கி அந்த இயந்திரத்தின் எண்ணைப் பார்ப்பான். ஒரு நாள் முற்றத்தில் பனி வாரிக்கொண்டிருந்த தம்பியிடம் போய், "நீ என் சூட்டைக் குடிக்கற," என்றான். ஏவெர்ட் சிரித்திருக்கிறான். சிரித்தது தப்பு.

அன்றிலிருந்து ஸ்தூரே ஜன்னலைத் திறந்தான். தம்பி குடிப்பதற்குள் நான் குடித்துத் தீர்த்துவிடுகிறேன் என்பது அவன் கணக்கு. இயந்திரத்தை உச்சத்தில் வைத்து, வருகிற சூட்டையெல்லாம் வாசலுக்கு அனுப்பினான். எதிரிக்குச் சகுனத்தடையாகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையை நான் கேட்டிருக்கிறேன். மூக்கறுந்தவனுக்குக் காலுறை மாட்டிவிட்டது அதுதான் முதல் தடவை.

மாய்லிஸுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அவள் படுக்கையறை ஜன்னல் ஏரியைப் பார்த்தது. அந்த அறையில், அந்தக் கட்டிலில், உறைந்த ஏரியைப் பார்த்தபடி சாக வேண்டும். நகரத்து ஆஸ்பத்திரியில், நாலு கட்டில் போட்ட அறையில், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு சாகக் கூடாது. நான் முதல் நாள் போனபோதே சொல்லிவிட்டாள். "நான் பெருசா ஒண்ணும் கேக்கல சோல்வெய். ரூம் சூடா இருக்கணும், ஏரி தெரியணும். மத்ததை நானே பாத்துக்கறேன்."

உடம்பில் எலும்பும் தோலும்தான். மூன்று கம்பளி போர்த்தினாலும் பல் கிட்டும். நான் வெந்நீர்ப் பையைக் காலடியில் வைப்பேன், அவள் கால்விரலால் அதைத் தேடுவாள். அறைச் சுவரிலிருந்த தெர்மாமீட்டர் நாளுக்கு நாள் கீழே வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் மேல்மாடியிலிருந்து காற்று இறங்குவது போலிருந்தது. ஏறிப் போய்ப் பார்த்தேன். விருந்தினர் அறைகள் இரண்டிலும் ஜன்னல் திறந்து கிடந்தது. ரேடியேட்டர்கள் கையைச் சுடுகிற சூட்டில் கொதித்துக்கொண்டிருந்தன. தரையில் பனித்தூள். ஏவெர்ட் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன இது?" என்றேன்.

"அவன் எடுக்கறான். நான் எடுக்காம விட்டா பூரா அவனுக்குப் போயிடும்."

"கீழ உன் பொண்டாட்டி நடுங்கறா!"

"அவளுக்காகத்தான் சோல்வெய்! பாறை அவன் பக்கம் சாஞ்சிடக் கூடாது. நான் இழுத்தாத்தான் இந்தப் பக்கம் வரும்."

"பாறை என்ன பசுமாடா, இழுத்த பக்கம் வர? ஜன்னலை மூடு."

"அவன் மூடட்டும். நான் மூடறேன்."

நானே மூடினேன். மறுநாள் மறுபடி திறந்திருந்தது. அந்த வாரம் வெளியூர்க்காரர்கள் யாராவது எங்கள் சாலையில் காரில் போயிருந்தால், எதிரெதிர் வீடுகளில் எல்லா ஜன்னலும் திறந்து ஆவி பறக்கிற காட்சியைப் பார்த்துத் தீப்பிடித்துவிட்டது என்று போன் செய்திருப்பார்கள். உண்மையில் இரண்டு கிழவர்கள் மலைக்குக் கீழே இருக்கிற சூட்டையெல்லாம் வானத்துக்கு வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாய்லிஸுக்கு எல்லாம் தெரியும். படுத்திருக்கிறவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். "ஸ்தூரேவைக் காபிக்குக் கூப்பிடறேன்னு சொல்லு," என்றாள். எங்கள் ஊரில் ஆளை வெட்டுகிற பகையாக இருந்தாலும் காபிக்கு அழைத்தால் வராமலிருக்க முடியாது. ஸ்தூரே தலை சீவிக்கொண்டு வந்தான். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, நான் காலையில் மாட்டிவிட்ட காலுறையோடு, மாய்லிஸின் அறையில் வந்து உட்கார்ந்தான். ஏவெர்ட் கட்டிலின் மறுபக்கம். நான் காபி ஊற்றினேன்.

"சர்க்கரை?" என்றாள் மாய்லிஸ்.

"வேண்டாம்."

"முன்னெல்லாம் நாலு கட்டி போடுவியே."

"முன்னெல்லாம் உன் புருஷன் திருடனா இல்ல."

"யாருடா திருடன்?" ஏவெர்ட் கோப்பையைக் கீழே வைத்தான்.

"கோடை பூரா என் வீட்டுப் புழுக்கத்தை அள்ளி அள்ளிப் பாறைல சேத்து வச்சேன், குளிர்காலத்துல எடுத்துக்கலாம்னு. நீ என்ன சேத்த? ஒரு சொட்டு வேர்வை? எறும்பு மாதிரி நான் சேக்க, பல்லிளிச்சுக்கிட்டு நீ உறிஞ்சற."

"பாறைல உன் பேர் வெட்டியிருக்கா?"

"என் துளை மொதல்ல போட்டது!"

"அப்பா மொதல்ல உன்னைத்தான் பெத்துப்போட்டார், என்ன பிரயோஜனம்?"

"போதும்," என்றாள் மாய்லிஸ். குரல் எழவில்லை, ஆனால் இரண்டு பேரும் வாயை மூடினார்கள். "நான் சாகப் போறேன். இது ரெண்டு பேருக்கும் தெரியும். இந்த ரூம்ல சாகணும். அதுக்கு ரூம் சூடா இருக்கணும். அது வரைக்கும் ரெண்டு பேரும் ஜன்னலை மூடுங்க. அப்புறம் பாறையையே பேத்துத் தின்னுங்க, நான் கேக்க வர மாட்டேன்."

ஸ்தூரே காபியை ஒரு மடக்குக் குடித்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டான்.

கையில் காபிக் கெண்டி இருந்தது. அவன் தலையில் கவிழ்க்காமல் விட்டது என் வேலை போய்விடும் என்ற பயத்தினால்தான். மாய்லிஸோ சிரித்தாள். சிரிப்பு இருமலானது, இருமல் அடங்க நேரமாயிற்று.

"ஈஸ்டர் வரைக்கும் தாங்காது ஸ்தூரே. பயப்படாத."

"சரி. ஈஸ்டர் வரைக்கும்." அவன் அவளிடம் கைகொடுத்தான். தம்பியின் பக்கம் திரும்பவில்லை. போகும்போது மட்டும், "காபி நல்லாருந்தது," என்றான்.

கெட்டவனென்றாலும் ஸ்தூரே சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மறுநாள் காலை போனேன், ஜன்னல்கள் இறுக மூடியிருந்தன, ஒட்டுநாடாகூட ஒட்டியிருந்தான். மேலே சட்டை போட்டிருந்தான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாய்லிஸின் அறை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும் என்று நினைத்தேன். தேறவில்லை. இன்னும் குளிர்ந்தது.

எனக்குச் சந்தேகம் வந்து மாடிக்கு ஏறினேன். விருந்தினர் அறைகளில் ஜன்னல் மூடித்தான் இருந்தது. பரண் கதவு ஒருக்களித்துக் கிடந்தது, தள்ளினேன். கூரைச்சரிவிலிருந்த சின்ன ஜன்னல் விரியத் திறந்திருந்தது. கீழேயிருந்து வெளியேறுகிற சூடெல்லாம் அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஸ்தூரேவின் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கம்.

கீழே இறங்கிச் சமையலறையில் ஏவெர்ட்டைப் பிடித்தேன். "சத்தியம் பண்ணுனியே!"

"மெல்லப் பேசு. நான் ஒண்ணும் சத்தியம் பண்ணல. கை குடுத்தது அவங்க ரெண்டு பேரும்."

"அவன் மூடிட்டான்டா பாவி. நான் பாத்தேன்."

"மூடின மாதிரி காட்டியிருப்பான். அவனை எனக்குத் தெரியாதா? அவன்கூட ஒரே கட்டில்ல படுத்து வளந்தவன் நான்."

"உன்கூட ஒரே கட்டில்ல படுத்தவ உள்ள இருக்கா. அவளைப் பாரு."

அவன் அடுப்பங்கரைத் துணியை எடுத்து, துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தான். மனிதனுக்குத் தன்னைப் போலவே அடுத்தவனும் இருப்பான் என்ற நினைப்பைவிடப் பெரிய வியாதி வேறில்லை. அதற்கு ஊசியும் கிடையாது.

அந்த வாரமே ஏவெர்ட்டின் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பழுது பார்க்க வந்தவர் நிலவறையிலிருந்து ஏறி வந்து தொப்பியைக் கழற்றினார். சூட்டை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் குழாய்க்கு வெளியே துளைக்குள் நின்ற ஊற்றுத்தண்ணீர் உறைந்து, பனிக்கட்டி குழாயை நெரித்து நசுக்கிவிட்டது. புதுக்குழாய்தான் இறக்க வேண்டும், அதற்கு வசந்தம் வர வேண்டும். இயந்திரத்தில் அவசரத்துக்கென்று ஒரு மின் ஹீட்டர் இருந்தது. அந்தப் பழைய வீட்டுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. தனியாக இன்னொரு ஹீட்டரைச் சொருகினால் மின்சாரம் போய்விடும். விறகு அடுப்பு இருக்கிறது, எரிக்கத் தடை. மாய்லிஸின் அறையில் பதின்மூன்று டிகிரி. அவள் பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது.

"ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன்," என்றான் ஏவெர்ட், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மாய்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் முற்றத்தில் நின்று அழுதேன். கண்ணீர் இமையில் உறைந்து ஒட்டிக்கொண்டது. ஸ்தூரே தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் துளை செத்துப்போச்சா?" என்றான்.

"செத்துப்போச்சு. சந்தோஷமா?"

"என் மெஷினும் சொல்லுச்சு. நேத்திலேர்ந்து தண்ணி பழையபடி சூட்டோட வருது." தம்பி வீட்டுப் பக்கம் முகவாயைக் காட்டினான். "அவளை இங்க கொண்டு வா. கீழ் ரூமைச் சூடாக்கி வைக்கறேன்."

ஒரு நொடி அவன்மீது எனக்கு அன்பு பொங்கியது. மறு நொடி அவனே அதைக் கெடுத்தான்.

"அந்த ஜன்னல் பக்கம் கட்டிலைப் போடு. அங்கேர்ந்து பாத்தா அவன் சமையக்கட்டு தெரியும். அவன் பாக்கட்டும், பாறை யாருதுன்னு."

நான் உள்ளே போய் மாய்லிஸிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். எதற்காகக் கூப்பிடுகிறான் என்பதையும் சொன்னேன். ஏவெர்ட் கேட்டுக்கொண்டிருந்தான்.

"செத்தாலும் அவன் வீட்டுல வேண்டாம்," என்றான்.

"சாகறது நான்தானே," என்றாள் மாய்லிஸ்.

"அது என்கிட்டேர்ந்து திருடின சூடு!"

"எனக்குக் குளிருது ஏவெர்ட். யார் சூடுன்னு என் காலுக்குத் தெரியாது."

"நீ அங்க போனா, நான் வர மாட்டேன்."

"தெரியும்."

"நாப்பத்தாறு வருஷம் ஒண்ணா இருந்திருக்கோம் மாய்லிஸ்."

"ஆமா. அதான் தெரியும்னு சொல்றேன்."

மருத்துவத் தாதியிடம் போனில் கேட்டேன். அவள் விருப்பம்தானே, கொண்டு போ என்றாள். எங்கள் ஊரில் கடைக்குப் போகிற கிழவிகள் பனியில் உதைத்துத் தள்ளுகிற நாற்காலி வண்டி ஒன்று வாசலில் இருந்தது. மாய்லிஸைக் கம்பளியில் சுருட்டி அதில் உட்கார வைத்தேன். கோழிக்குஞ்சுக் கனம்தான் இருந்தாள். ஏவெர்ட் உதவிக்கு வரவில்லை. வண்டிச் சறுக்குக் கட்டைகள் பனியில் கிறீச்சிட, முற்றத்தைக் கடந்தோம். இரண்டு துளைகளின் இரும்பு மூடிகளும் பனிக்கடியில் எங்கேயோ கிடந்தன. நடுவில் நிறுத்தச் சொன்னாள். திரும்பி ஏரியைப் பார்த்தாள்.

"இனி இது தெரியாது, இல்ல?"

"தெரியாது. உன் வீடுதான் மறைக்கும்."

"தள்ளு, குளிருது," என்றாள்.

ஸ்தூரேவின் அறை அனலாக இருந்தது. முதல் முறையாக அவள் பல் கிட்டவில்லை. கம்பளியை ஒவ்வொன்றாக உதறிவிட்டு, கையைப் போர்வைக்கு வெளியே வைத்துக்கொண்டாள். நான் கட்டிலை வேறு சுவருக்கு நகர்த்தப் பார்த்தேன், அங்கேயிருந்து காடாவது தெரியும். ஸ்தூரே விடவில்லை. மாய்லிஸும், "விடு, அவனுக்கு அதுல ஒரு சந்தோஷம்," என்றாள்.

எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஏவெர்ட் நின்றான். வீட்டுக்குள்ளேயே தோல்தொப்பியும் கோட்டும் போட்டிருந்தான். மாய்லிஸ் கையைத் தூக்கினாள். அவன் திரைக்குப் பின்னால் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தான். பகல் முழுக்க அதுதான் அவன் வேலை. இந்தப் பக்கம் ஸ்தூரே நாற்காலியைக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்து, தம்பி பார்க்கிறான் என்று தெரிந்தால் மட்டும் எழுந்து மாய்லிஸின் தலையணையைச் சரிசெய்வான். தம்பி மறைந்தால் குறுக்கெழுத்துக்குத் திரும்பிவிடுவான்.

காலையில் நான் போனதும் மாய்லிஸ் கேட்கிற முதல் கேள்வி, "ராத்திரி வந்தானா?" என்பதுதான். தான் தூங்கும்போது வந்துவிட்டுப் போயிருப்பானோ என்று ஒரு நப்பாசை. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஸ்தூரே சொல்லுவான். "வரல. வர மாட்டான்," என்று, வானிலை சொல்வது போல.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஏவெர்ட்டிடம் போனேன். சமையலறையில் கோட்டோடு உட்கார்ந்து ஆறிப்போன காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"தினமும் உன்னைத்தான் கேக்கறா. முற்றத்தைத் தாண்ட உனக்கு என்ன, காலில்லையா?"

"சவுக்கியமா இருக்காளா?"

"சூடா இருக்கா."

"எவ்வளவு வச்சிருக்கான்?"

"என்னது?"

"ரூமு. எத்தனை டிகிரி?"

"இருபத்தஞ்சு," என்றேன், எரிச்சலில்.

அவன் மேஜையில் குத்தினான். "பாத்தியா! என் துளை செத்ததும் அவனுக்கு இருபத்தஞ்சு! நான் சொன்னேன்ல, அவன்தான் எடுக்கறான்னு. அங்க போய் உக்காந்து, அந்தச் சூட்டுல காயச் சொல்றியா என்னை?"

நான் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்துவிட்டேன். இன்னும் நின்றிருந்தால் கைநீட்டியிருப்பேன். அவள் எதை நம்பி நாற்பத்தாறு வருஷம் இவனுக்குச் சமைத்துப்போட்டாள் என்று எனக்கு அழுகையாக வந்தது.

அவள் செத்தது ஒரு நல்ல வெயில் நாளில், முற்பகலில். பனி கண்ணைக் கூசவைத்தது. மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் நான் கையைப் பிடித்துக்கொண்டேன். எதிர்வீட்டு ஜன்னலில் யாரும் இல்லை. அவள் அந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக, "கால் நல்லா சூடா இருக்கு," என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியாது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு இடைவெளி முடியவே இல்லை.

ஸ்தூரே பேனாவை மூடி வைத்தான். நான் அவள் கண்களை மூடினேன், முகவாயைச் சரிசெய்தேன். பிறகு எழுந்து ஜன்னலின் கொண்டியை நீக்கி, இரண்டு கதவையும் வெளியே தள்ளித் திறந்தேன்.

"ஏய், என்ன பண்ற? சூடு போயிடும்!" என்று ஸ்தூரே பதறினான். ஜனவரி பூராவும் ஊருக்கே சூட்டை வாரி இறைத்தவன்.

"போறவங்களுக்கு வழி விடணும். உயிர் வெளில போக ஜன்னலைத் திறந்து வைக்கறது எங்க வேலைல வழக்கம். உன் வாயை மூடு."

அவன் மூடினான். குளிர்காற்று உள்ளே வந்து, அவள் நெற்றியிலிருந்த இரண்டு மயிரை அசைத்தது.

அப்போது எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. ஏவெர்ட் ஓடி வந்தான். தொப்பி இல்லை, கோட்டு இல்லை, பூட்ஸ் இல்லை, காலுறையோடு முழங்காலளவு பனியில் விழுந்து எழுந்து ஓடி வந்தான். அத்தனை நாள் தாண்ட முடியாத முற்றத்தை அவன் தாண்டிவிட்டான்.

"மூடுடா!" என்று கத்தினான். "டேய் படுபாவி, மூடுடா ஜன்னலை! அவ உள்ள இருக்கா! அவளுக்குக் குளிரும்டா!"

ஸ்தூரே நாற்காலியோடு பின்னால் போனான். நான் ஜன்னலில் நின்றேன். "ஏவெர்ட், அவ போயிட்டா. இப்பத்தான் போனா."

அவன் என்னைப் பார்த்தான். என் தோளுக்கு மேலாகக் கட்டிலையும் பார்த்தான். கேட்டானா, கேட்கவில்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "குளிரும்," என்றான் மறுபடி. வெளியிலிருந்தே இரண்டு கதவையும் என் முகத்துக்கு நேராகத் தள்ளி மூடினான். மூடிவிட்டு, உள்ளங்கைகளைக் கண்ணாடியில் பதித்து அழுத்திக்கொண்டு நின்றான்.

நான் உள்ளேயிருந்து தள்ளினேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அந்தக் கிழவனுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.